வடக்குச் சுவருக்குப் பூசிய சீமெந்து

நான் பூச்சு வேலைக்காரன். லண்டனில் கோலியர்ஸ் வுட்டிலிருந்து ரெய்னர்ஸ் லேன் வரை எங்கள் ஆட்களின் வீடுகளிலும் கடைகளிலும் என் மேசன் கரண்டி படாத சுவர் குறைவு. என்னைக் கேட்டால் ஒரு வீட்டின் மரியாதையே அதன் பூச்சில்தான் இருக்கிறது என்பேன். வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம். அந்த வாயும் அந்தச் சுத்தமும் சேர்ந்து ஒரு வீட்டைக் கெடுத்த கதை இது. வீட்டை மட்டும் கெடுத்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. என் மனைவி நெஞ்சு நோய்களுக்கென்று லண்டனில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுடைய வார்டில் யன்னலோரக் கட்டிலில், எழுபது வயதைத் தாண்டிய ஆங்கிலேய அம்மா ஒருவர் இரண்டு மாதமாகக் கிடந்தார். சுவாசப்பை பழுது. பிள்ளைகள் இல்லை. புருஷன் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு ரயில் மாறி நாட்டுப்புறத்திலிருந்து வந்து, கையைப் பிடித்தபடி இருந்துவிட்டுப் போவாராம். இனிக் குணமாக்க ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த அம்மாவால் மாடிப்படி ஏற ஏலாது. படுக்கப்போகும் கீழறையின் வடக்குச் சுவரோ முழு ஈரம். அறை காய்ந்ததைத் தங்கள் ஆள் வந்து பார்த்தால்தான் அனுப்புவோம் என்று ஆஸ்பத்திரிக்காரர் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

"இஞ்சருங்கோ, அவ பிறந்ததே அந்த அறைக்குள்ளதானாம்," என்றாள் மனைவி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே. "சாகிறதும் அங்கதான் எண்டு நான் நிலம் துடைக்கிற நேரமெல்லாம் சொல்லுறா. நத்தாருக்கு முதல் போகவேணுமாம். நீங்கள் ஒருக்காப் போய்ப் பாருங்கோவன். பாவம்."

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, நாலு கிழமை இருந்தது. அடுத்த நாளே நானும் மச்சானும் வெளிக்கிட்டோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஜேர்மனியில் ஏழு வருடம் அகதி விண்ணப்பத்தோடு இருந்து, அங்கே சரிவராமல் லண்டனுக்கு வந்து என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன். என்னைவிடக் கைகாரன். ஆனால் அக்காவின் புருஷன் சொன்னால் மறுபேச்சுப் பேசாத வளர்ப்பு. எங்களுடைய வேலை முறை அதுதான்: நான் சொல்லுவேன், அவன் செய்வான். அது எவ்வளவு வசதி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

லண்டனிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம். வயல்களுக்கு நடுவே அந்த வீடு முதுகு கூனிய மாதிரி நின்றது. கூரை வைக்கோல். ஒரு முழத்துக்கு மேல் கனம். மழைநீர் வடியப் பீலி எதுவும் கிடையாது. தாழ்வாரத்தையே இரண்டடி வெளியே நீட்டி, தண்ணீரைச் சுவரில் படாமல் தள்ளிவிட்டிருந்தார்கள். கிழவர் வாசலில் நின்றார். ஓய்வுபெற்ற தபால்காரர். வீடு மனைவியின் பரம்பரைச் சொத்து, நானூறு வருடமாவது இருக்கும் என்றார். உள்ளே போன வேகத்தில் நான் தலையை உத்தரத்தில் மோதினேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் மோதினேன்.

அப்படி ஒரு கட்டடத்தை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. அடியில் ஒரு வரிசைச் செங்கல். அதன்மேல் ஓர் ஓக் உத்தரத்தை நீளத்துக்குப் படுக்கவைத்திருந்தார்கள். வீடு முழுவதையும் சுமப்பது அந்த அடி உத்தரந்தான். அதில் தூண்கள் குத்தி, தூண்களுக்குக் குறுக்கே சட்டங்கள் கோத்து, மூலைகளில் வளைந்த தாங்குமரம் வைத்திருந்தார்கள். நேர்மரத்தை வளைத்ததல்ல, வளைந்து வளர்ந்த மரமாகவே தேடி வெட்டியது. ஓர் இரும்பாணி இல்லை, எல்லாம் மர ஆணி. மூட்டுகளில் உளியால் கீறிய கோடுகள் தெரிந்தன. எந்தச் சட்டம் எந்தத் தூணுக்கு என்று தச்சர்கள் போட்ட அடையாளமாம். மேல்மாடியில் கூரைமரங்கள் கரிபிடித்துக் கறுத்திருந்தன. புகைபோக்கி கட்டுவதற்கு முந்திய காலத்தில் வீட்டின் நடுவிலேயே நெருப்பு எரித்த புகை அது என்று கிழவர் விளக்கினார். ஒரு நேர்கோடு அந்த வீட்டில் கிடையாது. நிலைகள் சரிந்திருந்தன, அந்தச் சரிவுக்கு ஏற்றபடி கதவுகளைக் கோணலாக வெட்டியிருந்தார்கள்.

பிறகு வடக்குச் சுவருக்கு வந்தோம். தூணுக்கும் தூணுக்கும் இடையில் பூச்சு பொருமியிருந்தது. இரண்டு தட்டுத் தட்டினேன், பொலபொலவென்று விழுந்தது. உள்ளே பார்த்தால் வரிச்சு. மெல்லிய தடிகளை ஊடும் பாவுமாய்ப் பின்னி, அதன்மேல் மண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பியிருந்தது. எனக்கு அந்த மனிதருக்காக வெட்கமாகிவிட்டது.

"டேய், வெள்ளைக்காரன் மண்வீட்டுக்குள்ள இருக்கிறானடா!" என்றேன் மச்சானிடம், சிரித்துக்கொண்டு. கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரும் மரியாதைக்குச் சிரித்தார்.

சீமெந்து எங்களுக்கு என்ன என்று இங்கே சொல்லியாகவேண்டும். ஊரில் போர் நடந்த காலத்தில் எங்கள் பக்கத்துக்குச் சீமெந்து வரத் தடை. சோதனைச் சாவடியில் ஒரு பை பிடிபட்டால் ஆள் திரும்பி வருவான் என்று நிச்சயமில்லை. என்னைப் பெற்ற ஐயா தொடங்கிய வீடு கல் அடுக்கியபடி நின்றுபோனது. ஆட்கள் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, நீற்றி, அதைவைத்துச் சமாளித்தார்கள். சாய்ந்தால் சட்டையில் ஒட்டும், விரலால் கிள்ளினால் உதிரும். ஐயா பூசாத சுவர்களுக்குள்ளேயே கண்ணை மூடினார். ஆகவே சுண்ணாம்பு எனக்குத் தெரியாத சாமான் அல்ல. நன்றாகத் தெரியும், கதியற்ற காலத்துச் சரக்கு என்று தெரியும். லண்டனுக்கு வந்த புதிதில், கட்டடச் சாமான் கடையொன்றில் சீமெந்து மூடைகள் கூரைவரை அடுக்கியிருந்ததைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

கிழவர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளூராட்சிக் கவுன்சிலின் கடிதம். வீடு பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம், சுவர்களை மண்ணாலும் சுண்ணாம்பாலும் மட்டுமே திருத்தலாம் என்று எழுதியிருந்தது. நான் வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தேன். மார்கழிக் குளிரில் சுண்ணாம்பு இறுகாது. மூன்று பூச்சுப் பூசி, ஒவ்வொன்றும் காய விட்டு, அது உறைபனியில் வெடிக்காமல் பார்த்து, பங்குனி சித்திரை ஆகிவிடும். அதுவரை அந்த அம்மா இருப்பாரா என்பதை யார் அறிவார்? இந்த உண்மையை அவரிடம் சொல்லியிருக்கலாம். "நத்தாருக்கு முதல் முடியுமா?" என்று அவர் கேட்டார். முடியும் என்றேன். அவருடைய கண் கலங்கியது. அதற்குப் பிறகு வாயைத் திறந்து வேறு எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வரும் வழியில் மச்சான் சொன்னான்:

"அத்தான், உதுக்குச் சீமெந்து அடிக்கக்கூடாது. ஜேர்மனியில உப்பிடி வீடு திருத்திறவங்களோட ரண்டு வருசம் நிண்டனான். சீமெந்து அடிச்ச வீடுகளைக் கொத்திக் கொத்திப் பாத்தனாங்கள். உள்ளுக்குப் போற தண்ணி வெளியில வராது. மரம் மூச்சு விடாது."

"மரம் மூச்சு விடாட்டிக் காரியமில்லை," என்றேன் நான். "அந்த மனுசி மூச்சு விடவேணும்."

"கடுதாசியில சுண்ணாம்பு எண்டெல்லோ கிடக்கு?"

"சுண்ணாம்பும் அடிப்பம். மேலால."

அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நல்ல பதில் சொன்னேன் என்ற திருப்தி எனக்கு. சொன்னது பிழையென்று இன்றைக்கும் முழுதாகச் சொல்லமாட்டேன். அந்த அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்பினேன். ஆனால் அது பாதி. மண்ணைக் கிள்ளி எறிந்துவிட்டு அங்கே சீமெந்து வைக்கவேண்டும் என்ற என் சொந்த ஆசை மற்றப் பாதி.

கிழவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களாகப் பார்த்து முக்கியமான வேலையைச் செய்தோம். வரிச்சையும் மண்ணையும் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுத் தார்ப்பாயால் மூடினோம். கம்பிவலை அடித்து, வெளிப்பக்கம் கெட்டிச் சீமெந்து. அடி உத்தரத்துக்கும் சேர்த்துப் பூசினேன், ஈரம் ஏறாமல் இருக்கட்டும் என்று. சுவரின் காலடியில் கொங்கிரீட்டும் போட்டேன். அது யாரும் கேட்காதது, என் உபயம். உட்பக்கம் பலகை அடித்து மெல்லிய பூச்சு. எல்லாம் முடிய, வெளியே இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். நான் மறைத்தேன், அதுவும் நன்றாகவே மறைத்தேன். பழைய சுவர்களுக்கும் புதியதற்கும் நிறத்தில்கூட வித்தியாசம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண் உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் தாளில் கையெழுத்து வைத்தாள்.

நத்தாருக்கு ஐந்து நாள் முன்னதாக அந்த அம்மா வீட்டுக்கு வந்தார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பற்றீஸ் சுட்டுக்கொண்டு என்னையும் மச்சானையும் இழுத்துக்கொண்டு போனாள். கட்டிலை வடக்குச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். மூக்கில் குழாயோடு அந்த அம்மா படுத்திருந்தார். என்னைக் கண்டதும் கையை நீட்டிச் சுவரைத் தொட்டுக் காட்டினார். சின்ன வயதில் இந்தச் சுவரில் விரலால் படம் கீறலாம், அவ்வளவு ஈரமாக இருக்கும் என்றார். இப்போது முதல் தடவையாகக் காய்ந்திருக்கிறது என்றார். கிழவர் பின்னால் நின்று என் முதுகைத் தட்டினார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கலியாணம் முடித்த புதிதில்கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மச்சானை வழியெல்லாம் கிண்டல் அடித்தேன். எங்கேயடா உன் ஜேர்மன்காரன், வந்து பார்க்கச் சொல்லு என்றேன்.

ஆடி மாதம் கிழவர் வேறொரு சின்ன வேலைக்குக் கூப்பிட்டார். யன்னலொன்று பூட்டமாட்டேன் என்றது. அந்த வருடம் நல்ல வெயில். நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போனேன். தூணும் சீமெந்தும் சந்திக்கிற இடமெல்லாம் மயிரளவு வெடிப்பு. ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு பக்கமும், மேலிருந்து கீழ்வரை. அந்த வீட்டு மரம் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கி நானூறு வருடம் ஆடிக்கொண்டே நின்ற மரம். மண்ணும் சுண்ணாம்பும் அதோடு சேர்ந்து ஆடும். சீமெந்து ஆடாது. அது எனக்கு அப்போதே, அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று சொன்னால் பொய்.

மச்சான் பின்னால் வந்து நின்றான்.

"அத்தான், இப்ப உடைச்செடுப்பம். வெயில் காலம், சுண்ணாம்பு பிடிக்கும். அந்த மனுசனுக்குச் சொல்லுங்கோ. நான் சம்பளமில்லாமல் நிண்டு செய்துதாறன்."

"என்னெண்டு சொல்லுறது? பொய் சொல்லிப் பூசினனான் எண்டோ? உன்ர அக்கா வார்டில எந்த முகத்தோட நிக்கிறது?"

"மழை தொடங்கினா உள்ளுக்குத் தண்ணி போகும், அத்தான்."

"அடுத்த வருசம் பாப்பம். அந்த வெடிப்புகளை அடை."

அவன் அடைத்தான். குழாயிலிருந்து பசையைப் பிதுக்கி, விரலால் இழுத்து, மேலே சுண்ணாம்பு தொட்டு, ஒரு வெடிப்பு விடாமல் அடைத்தான். அந்த அம்மா உள்ளே நித்திரை. கிழவர் எங்களுக்குத் தோட்டத்துப் பழம் பறித்துத் தந்தார். அந்த ஒரு நாளை மட்டும் எனக்குத் திருப்பித் தந்தால் போதும் என்று நான் கேட்காத தெய்வமில்லை.

அடுத்த மாரி கார்த்திகையிலேயே பிடித்துக்கொண்டது. காற்றோடு வந்த மழை வடக்குச் சுவரில்தான் அடித்தது. பசை இழுபட்டு விட்ட இடத்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வெளியே வர வழியில்லை, கீழே இறங்கவும் என் கொங்கிரீட் விடவில்லை. கிழவர் தொலைபேசியில் சொன்னார்: அறையில் ஒரு மணம், கட்டில் தலைமாட்டில் கறுப்பாகப் பூஞ்சணம், துடைக்கத் துடைக்க வருகிறது. யன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள், நான் வந்து பார்க்கிறேன் என்றேன். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் பெரிய வேலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது உண்மைதான். ஆனால் வேலை இல்லாதிருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன். எனக்குப் பயம்.

தை பிறந்து இரண்டாம் கிழமை அந்த அம்மாவை மறுபடி லண்டனுக்கு ஏற்றிவந்தார்கள். என் மனைவியின் வார்டுதான். இந்தமுறை யன்னலோரக் கட்டில் கிடைக்கவில்லை. நடுவில் ஒரு கட்டிலில் கிடந்தாராம்.

"உங்களைப் பற்றித்தான் கதைக்கிறா," என்றாள் மனைவி. "உன்ர மனுசன் நல்ல வேலை செய்தவர், என்ர நெஞ்சுதான் சரியில்லை எண்டு சொல்லுறா. வீட்ட கொண்டுபோய் விடச் சொல்லி எல்லாற்ற கையையும் பிடிக்கிறா. அவங்கள் விடமாட்டாங்களாம். அறை திரும்ப ஈரமாம். ஏனப்பா அது திரும்ப ஈரமானது?"

பழைய வீடு என்றேன். பழைய வீடுகள் அப்படித்தான் என்றேன்.

மாசி மாதம் ஒரு காலையில் அந்த அம்மா போய்விட்டார். கிழவர் அப்போது இரண்டாவது ரயிலில் இருந்திருக்கிறார். என் மனைவிதான் பக்கத்தில் நின்றாள். ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் இருந்து அழுதாள். ஒரு வருடமாவது தன் அறையில் இருந்தாவே, அதுவும் உங்களால்தானே என்று என்னைத் தேற்றினாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சித்திரையில் கிழவர் கூப்பிட்டார். கீழறையின் நிலம் ஒரு பக்கம் இறங்கிவிட்டது, கதவு திறக்கவில்லை, சுவரைத் திறந்து பார்க்க வருவாயா என்றார். வேறு யாரையும் வீட்டுக்குள் விட அவருக்கு மனமில்லையாம். வேறு யாரும் திறந்து பார்த்தால் என் கதி என்ன என்பதுதான் எனக்கு முதலில் வந்த யோசனை. போனோம்.

உட்பக்கத்திலிருந்து பலகையைக் கழற்றி, வலையை அறுத்து, சீமெந்தைக் கொத்தினோம். ஒவ்வொரு துண்டும் பாளம் பாளமாக வந்தது. என் வேலை, நல்ல கெட்டி. அதன் பின்னால் தூண்களின் கால்கள் கறுத்திருந்தன. அடி உத்தரத்துக்கு வந்தபோது மச்சான் சுத்தியலை எடுக்கவேயில்லை. விரலை வைத்தான். விரல் மூட்டுவரை உள்ளே போனது. தேநீரில் ஊறிய பாண்துண்டு மாதிரி மரம் கையோடு வந்தது. பதினெட்டு மாதம் ஆகவில்லை. போர், பஞ்சம், புகை, புழு எல்லாவற்றுக்கும் நின்ற மரம் என் சீமெந்துக்கு நிற்கவில்லை. மச்சான் அந்தக் கறுத்த பிடியை என் முன்னால் நிலத்தில் வைத்துவிட்டு மறுபடி சுத்தியலை எடுத்தான்.

அப்போது கிழவர் தட்டில் மூன்று கோப்பை தேநீர் கொண்டுவந்தார். இளைத்துப்போயிருந்தார். முகச்சவரம் செய்து பல நாள். தட்டை வைத்துவிட்டுக் குனிந்து உத்தரத்தைத் தொட்டுப் பார்த்தார். சாம்பல் நிறச் சீமெந்துத் துண்டுகள் அவருடைய சப்பாத்தடியில் நெரிந்தன. காலமெல்லாம் கடிதம் கொடுத்துத் திரிந்த மனிதர். காலடியில் நெரிவது சுண்ணாம்பல்ல, சீமெந்து என்று அவருக்குத் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும், மறைக்காமல் சொல்லவேண்டும் என்றார்.

கடைசி மாதங்களில் அவளுடைய இரவுச் சட்டைகள் அடிக்கடி நனைந்துவிடும், அவற்றைத் தோய்த்து இந்த அறையிலேயே ஹீற்றர்மேல் போட்டுக் காயவைத்தேன் என்றார். அப்படிக் காயவைக்க வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துபோன தாதி சொன்னாள், நான் கேட்கவில்லை என்றார். அவளுக்குக் குளிரும் என்று நீ திறக்கச் சொன்ன யன்னலையும் திறக்கவில்லை. அந்த ஈரந்தானே சுவருக்குள் போனது? நான் செய்ததுதானே?

மச்சானின் சுத்தியல் நின்றது. அவன் என்னைப் பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் குறைவு, ஆனால் இது விளங்கியிருந்தது. இல்லை என்ற ஒரு சொல் போதும். கிழவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்கலாம்," என்றேன். "ஈரம் எங்கேயாவது போகத்தானே வேணும்."

அவர் மெல்லத் தலையாட்டினார். பிறகு என் தோளில் கையை வைத்து, உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். மற்ற எல்லோரும் தன்னைச் சமாதானப்படுத்தத்தான் பார்த்தார்களாம்.

மச்சான் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, தன் தேநீரைத் தொடாமல் வெளியே போனான். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. சீனி போதுமா என்று கிழவர் கேட்டார். போதும் என்று சொல்லிக் கோப்பையை எடுத்துக் குடித்தேன்.